எட்டக்கூடிய இலக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டார இசைக்கலைஞர்களுக்கு ஒரு வழிமுறை

இசை பயில்வோரிடம் இலக்கு என்னவென்று கேட்டால் சென்னையில் கச்சேரி, திரைப்படத்தில் ஒரு பாட்டு, தொலைக்காட்சிப் போட்டியில் ஓர் இடம் என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் இவற்றைத் தருவதும் மறுப்பதும் வேறொருவர் என்பதால், நாளைக் காலை எழுந்து எதைச் சாதகம் (பயிற்சி) செய்வது என்ற கேள்விக்கு இவற்றால் விடை கிடைப்பதில்லை. ஆகவே அந்த ஆசையை உங்கள் கைக்கும் குரலுக்கும் உட்பட்ட ஒரு வேலையாக மாற்றி எழுதுவதிலிருந்து தொடங்க வேண்டும்.

"வயலின் நன்றாக வாசிக்க வேண்டும்" என்று எழுதுவதால் பயனில்லை. "தை பிறப்பதற்குள் ஓர் ஆதி தாள வர்ணத்தை இரண்டு காலங்களிலும் (வேகங்களிலும்) இடையில் நிற்காமல் வாசிக்க வேண்டும்" என்று எழுதினால், அது நிறைவேறியதா இல்லையா என்பதை எழுதியவரே சொல்லிவிடலாம். சரளி வரிசை, ஜண்டை வரிசை, 7 அலங்காரங்கள், கீதம், ஸ்வரஜதி, வர்ணம் என்று கர்நாடக இசையின் பாடமுறையே படிப்படியாக அமைந்திருப்பதால், அடுத்த படி எது என்று தேடி அலையவும் தேவையில்லை. அலங்காரங்கள் மூன்று காலத்திலும் நிலைக்காதபோதே கீர்த்தனைக்குத் தாவும் அவசரம்தான் இங்கே பலருடைய திட்டத்தையும் கெடுக்கிறது. வாரம் ஒருமுறை அலைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். வாசிக்கும்போது பிடிபடாத தாள ஓட்டம் பதிவில் தப்பாமல் தெரியும்.

கெடு வைக்கும்போது ஆங்கில மாதத்தைப் பார்ப்பதைவிட நம் ஊரின் தொழில் பருவத்தைப் பார்ப்பது நல்லது. நாதஸ்வரமும் தவிலும் வாசிப்பவர்களுக்கு ஆவணி, தை, வைகாசி போன்ற முகூர்த்த மாதங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. அப்போது புதிய உருப்படி (பாடல்) கற்பதாகத் திட்டமிட்டால் அது தாளில்தான் இருக்கும். கல்யாணம் இல்லாத ஆடியும் மார்கழியுமே அவர்கள் பாடம் ஏற்றிக்கொள்ளும் காலம். அதே ஆடி, பம்பை என்னும் தோல் கருவி வாசிக்கும் கலைஞர்களுக்கு மாரியம்மன் கோயில்களிலிருந்து அழைப்பு குவியும் மாதம் என்பதால் அவர்களுடைய கணக்கு தலைகீழாக இருக்கும். தெருக்கூத்துக்கு ஆர்மோனியமோ மிருதங்கமோ வாசிப்பவர், பாரதக் கூத்து ஓர் ஊரில் தொடங்கிவிட்டால் இரவு முழுவதும் களத்தில் இருப்பார். அந்த நாட்களில் அவருக்கு உரிய இலக்கு, குரலும் கையும் உடம்பும் கெடாமல் திருவிழாவை முடிப்பது மட்டுமே. எனவே ஆண்டை வேலைப் பருவம், பயிற்சிப் பருவம் என்று முதலில் பிரித்துக் குறித்துக்கொண்டு, கடினமான இலக்குகளைப் பின்னதில் மட்டும் வையுங்கள்.

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் இளைஞருக்கு, தினமும் காலை ஐந்து மணிக்குச் சாதகம் என்ற விதி இரவு ஷிப்ட் வந்த முதல் வாரத்திலேயே உடைந்துபோகும். அவர் நாள் கணக்கை விட்டுவிட்டு வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, இரவு ஷிப்ட் வாரத்தில் அதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். இடமும் கணக்கில் சேரும். வாடகை வீட்டில் தவில் அடிக்க முடியாது. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் தெரிந்தவர் மாந்தோப்பு ஒன்று கிடைத்தால் அதைவிட நல்ல பயிற்சிக்கூடம் இல்லை, காய் பறிக்கும் பருவத்தில் மட்டும் வேறிடம் பார்க்க வேண்டியிருக்கும்.

வெளியிலிருந்து ஓர் அளவுகோல் வேண்டுவோருக்கு வழிகள் இருக்கின்றன. கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசை, தேவாரம், நாதஸ்வரம், தவில், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவை மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பாகக் கற்றுத்தரப்படுகின்றன. ஆகாசவாணி (அகில இந்திய வானொலி) தன் குரல் தேர்வில் (ஆடிஷன்) தேறிய கலைஞர்களைப் பி, பி உயர்நிலை, ஏ, டாப் என்று தரம் பிரிக்கிறது. அடிப்படைப் பாடங்கள் உறுதியான ஒருவர் பி தரத்துக்கு ஆயத்தமாவதைச் சில ஆண்டுத் திட்டமாக வைத்துக்கொள்வது நியாயமானது. தேர்வுக்கு ஆயத்தமாவது உங்கள் இலக்கு. தரம் வழங்குவது தேர்வாளர் வேலை. அரசு மாவட்ட அளவில் வழங்கும் கலை இளமணி, கலை வளர்மணி போன்ற விருதுகளுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அவற்றை ஆண்டுத் திட்டத்தில் எழுத வேண்டாம்.

வருமானத்தையும் வெட்கப்படாமல் எழுத வேண்டும். சென்ற ஆண்டு எத்தனை நிகழ்ச்சிகள், கைக்கு வந்த தொகை எவ்வளவு, வண்டிச் செலவு, நாதஸ்வரச் சீவாளி, தவிலுக்குத் தோல் மாற்றியது, ஒலிபெருக்கி வாடகை எல்லாம் போக மிஞ்சியது எவ்வளவு என்று ஒரு நோட்டில் குறித்தால்தான் அடுத்த ஆண்டுக்கு ஒரு எண்ணைச் சொல்ல முடியும். அந்த எண் சென்ற ஆண்டைவிடச் சற்றே கூடுதலாக இருக்கட்டும். இருமடங்கு என்று எழுதுபவர், கூலி குறைந்த அழைப்புகளையும் ஒப்புக்கொண்டு சாதக நேரத்தை இழக்கிறார். வேலையை விட்டு முழுநேரக் கலைஞராகும் முடிவை இந்த நோட்டில் குறைந்தது இரண்டு ஆண்டுக் கணக்கு சேர்ந்த பிறகு எடுப்பதே வீட்டில் உள்ளவர்களுக்கும் நல்லது.

பருவம் முடிந்ததும் எழுதியதை எடுத்து, பதிவுகளுடன் உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். எட்டாமல் போன இலக்கில் காலப்பிரமாணத்தை (வேகத்தை) குறைப்பதா, கெடுவை நீட்டிப்பதா, அல்லது முந்தைய பாடத்துக்குத் திரும்புவதா என்பதை, உங்கள் வாசிப்பைத் தொடர்ந்து கேட்டு வருபவர்தான் சரியாகச் சொல்வார்.