ஏஜென்சி மூலம் பராமரிப்பாளர்: நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை

ஆஸ்பத்திரியில் "நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிப் போகலாம்" என்று சொன்ன பிறகுதான் பலரும் ஏஜென்சிக்குப் போன் செய்கிறார்கள். அந்த அவசரத்தில் அவர்கள் கைவசம் இருக்கிற ஆளைத்தான் அனுப்புவார்கள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. வந்த பெண் அன்பானவர். ஆனால் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு அப்பாவை மாற்றி உட்கார வைக்க அவருக்குத் தெரியவில்லை. தப்பு அவர்மேல் இல்லை. "வயதானவர், கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன்.

ஒரு நாள் முழுக்க நோயாளிக்கு என்னென்ன தேவை என்று எழுதிக் கொடுங்கள்: எத்தனை முறை தூக்க வேண்டும், இரவில் எத்தனை முறை எழுவார், பேம்பர்ஸ் உண்டா, அவருடைய எடை என்ன. சமையலும் பேரப்பிள்ளையும் பராமரிப்பாளர் தலையில்தான் விழும் என்றால் அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

பராமரிப்பாளரும் நர்ஸும் ஒன்றல்ல. மூக்கு வழியாகப் போகும் உணவுக் குழாயை மாற்றுவது நர்ஸ் வேலை. நர்ஸ் என்று சொல்லி அனுப்பினால், மலேசியத் தாதியர் வாரியப் பதிவையும் அந்த ஆண்டுக்கான பணிச் சான்றிதழையும் கேட்டுப் பாருங்கள். கேட்கக் கூச்சப்படுவது நம் வழக்கம். அதை விடுங்கள்.

ஏஜென்சிக்கு 1981-ஆம் ஆண்டுத் தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் சட்டப்படி உரிமம் இருக்க வேண்டும். வெளிநாட்டவரைக் கொண்டுவர 'சி' உரிமம் வேண்டும். "வேலை பெர்மிட் வேறு வீட்டுப் பெயரில் இருக்கிறது, பரவாயில்லை" என்று யாராவது மலிவாக ஆள் தந்தால் விலகிவிடுங்கள். செல்லுபடியாகும் பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்தால், குடிநுழைவுச் சட்டப்படி ஓர் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓடிவிடுவார் என்று பயந்து கடப்பிதழைப் பீரோவில் பூட்டி வைப்பதும் குற்றமே. அப்புறம், 2021 ஜூன் முதல் வீட்டுப் பணியாளருக்கும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி உண்டு. அதைக் கட்டுவது நீங்களா, ஏஜென்சியா என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் நான் கவனிக்காமல் விட்டது மாற்று ஆள் பற்றிய வரி. நோன்புப் பெருநாளுக்கு எங்கள் பராமரிப்பாளர் கம்போங், அதாவது சொந்த ஊர், போனார். ஏஜென்சியில் வேறு ஆள் இல்லை, கட்டிய பணமும் திரும்பவில்லை. மாற்று ஆள் எத்தனை நாளில் வருவார், வராவிட்டால் எவ்வளவு கழிப்பார்கள் என்பது எழுத்தில் இருக்கட்டும்.

பாஷையை யாரும் யோசிப்பதில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் சரளமாக மலாய் பேசிய அப்பாவுக்கு, நோய் வந்தபின் வாயில் வந்தது தமிழ் மட்டும்தான். கடைசியில் வலி – சாகிட், தண்ணி – ஆயர், ஒண்ணுக்கு – கென்சிங் என்று பராமரிப்பாளருக்காகத் தமிழும் மலாயுமாக இருபது சொற்களை எழுதி ஐஸ் பெட்டிக் கதவில் ஒட்டினோம். முதல் நாளே ஒட்டியிருக்கலாம். ஒட்டியது மூன்றாவது வாரம்.