கணக்கு திறந்தாச்சு, அப்புறம்? நிதிச் சேவைக்கான சிஎஸ்ஆர் திட்டங்கள் சறுக்கும் இடங்கள்

நிறுவனங்களின் சமூகப் பொறுப்புத் (சிஎஸ்ஆர்) திட்டங்களிலேயே சுலபமானது வங்கிக் கணக்கு தொடங்கும் முகாம்தான். ஒரு பேனர், நாலு மேசை, கையில் படிவத்தோடு சில தன்னார்வலர்கள். சாயங்காலத்துக்குள் முந்நூறு கணக்கு. ஆண்டறிக்கையில் புகைப்படத்தோடு ஒரு பக்கம் ஒதுக்கி, 'முந்நூறு குடும்பங்களுக்கு நிதிச் சேவை' என்று தலைப்பும் போட்டுவிடலாம். அந்தத் தலைப்பில்தான் முதல் தவறு இருக்கிறது. அன்று நடந்தது கணக்கு தொடங்கும் வேலை மட்டும்தான். சேவை கிடைத்ததா என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

உலக வங்கியின் ஃபைன்டெக்ஸ் கணக்கெடுப்பைப் பாருங்கள். வங்கியிலோ மொபைல் பண சேவையிலோ கணக்கு வைத்திருக்கும் பெரியவர்கள் 2011ல் உலக அளவில் 51 சதவீதம், 2021ல் 76 சதவீதம். பெரிய பாய்ச்சல், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே 2021 கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கணக்கு வைத்திருந்தவர்களில் ஏறத்தாழ 35 சதவீதம் பேர் முந்தைய ஓராண்டில் ஒரு முறைகூடப் பணம் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. ஆகவே எத்தனை கணக்கு தொடங்கினோம் என்ற எண்ணோடு நிறுத்திவிடக் கூடாது. ஆறாவது மாதம் எத்தனை கணக்கில் பணம் ஓடுகிறது, உதவித்தொகை வந்த அன்றே எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறார்களா, கொஞ்சமாவது விட்டுவைக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும்.

ஏன் ஓடவில்லை என்று தேடினால் காரணம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். படிவத்தில் மொபைல் எண்ணுக்கு ஒரு கட்டம் உண்டு. கணக்கு தொடங்க வந்த பெண்ணிடம் சொந்த போன் இல்லை. பின்னால் வரிசை நீள்கிறது. தன்னார்வலர் அவசரத்தில் பக்கத்தில் நிற்பவரின் எண்ணைப் போட்டுவிடுகிறார், சில சமயம் தன்னுடைய எண்ணையே. இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் பணம் எடுக்கப் போகிறாள். ஓடிபி எங்கேயோ யாருடைய போனுக்கோ போகிறது. சரி, கைரேகை வைக்கலாம் என்றால், வருஷக்கணக்காகச் சிமென்டிலும் செங்கல்லிலும் தேய்ந்த விரலை இயந்திரம் படிக்க மறுக்கிறது. எண்ணை மாற்ற வங்கிக் கிளைக்கு நேரில் வரச் சொல்கிறார்கள். போனால் ஒரு நாள் கூலி போச்சு. அன்றாடங்காய்ச்சிக்கு அது கட்டுப்படியாகாது. அதோடு அவள் அந்தப் பக்கமே போவதில்லை. அறிக்கையில் மட்டும் அந்தக் கணக்கு இன்னமும் ஒரு வெற்றி.

அடுத்த தவறு, ஏழைகளுக்குப் பணத்தைக் கையாளத் தெரியாது என்று நினைப்பது. ஒழுங்கில்லாத வருமானத்தில் வாடகை, மருந்து, பள்ளிச் செலவு, கைமாற்று என எல்லாவற்றையும் சமாளிப்பவருக்கு 'பட்ஜெட் போடுவது எப்படி' என்று இரண்டு மணி நேரம் வகுப்பு எடுப்பது எனக்கு எப்போதுமே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். நிதிக் கல்வி பற்றிய 201 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசிய கட்டுரை ஒன்று 2014ல் வந்தது. மக்களின் நிதி நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் வெறும் 0.1 சதவீதத்தைத்தான் இந்தப் பயிற்சிகளால் விளக்க முடிந்தது, குறைந்த வருமானக்காரர்களிடம் தாக்கம் இன்னும் குறைவு என்று அது சொன்னது. பின்னால் வந்த ஆய்வுகள் சில இதைவிட நல்ல பலனைக் காட்டின. ஆக, பயிற்சியே வீண் என்று சொல்லவில்லை. எதை, எப்போது சொல்லித்தருகிறோம் என்பதில்தான் விஷயம். டொமினிக்கன் குடியரசில் சிறு தொழில் செய்பவர்களிடம் நடத்திய சோதனையில், முறையான கணக்கியல் வகுப்பைவிட, 'வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் கலக்காதே' என்கிற மாதிரி எளிய விதிகள் நன்றாக வேலை செய்தன.

கடன் கொடுத்துவிட்டால் வறுமை போய்விடும் என்ற நம்பிக்கையும் விலகுவதாக இல்லை. இந்தியா, மெக்சிகோ, மொராக்கோ, மங்கோலியா, எத்தியோப்பியா, போஸ்னியா ஆகிய ஆறு நாடுகளில் நடந்த சோதனைகளின் முடிவுகள் 2015ல் சேர்ந்து வெளிவந்தன. சிறுகடனால் ஓரளவு நன்மை உண்டு, வாழ்க்கையைப் புரட்டிப்போடும் அளவுக்கு இல்லை என்பதே சாரம். வாராவாரம் தவணை கட்ட வேண்டும், வருமானமோ வாராவாரம் வருவதில்லை என்றால், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று போய்விடும். ஒரே வீட்டில் பல நிறுவனங்களின் கடன் குவிந்து, வசூல் கெடுபிடியும் சேர்ந்து, 2010ல் ஆந்திராவில் சிறுகடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவரும் அளவுக்குப் போனது. சேமிப்புக்கு இத்தனை கவனம் கிடைப்பதில்லை. பிலிப்பைன்ஸில், தானே குறித்த நாள் அல்லது தொகை வரும்வரை பணத்தை எடுக்க முடியாத ஒரு கணக்கைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டில் அந்தக் குழுவின் சராசரிச் சேமிப்பு, ஒப்பீட்டுக் குழுவைவிட 81 சதவீதம் கூடியது. கடன் வழங்கிய தொகையை அறிக்கையில் கோடிகளில் எழுதலாம், இதை அப்படி எழுத முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நிதி நிறுவனங்கள் அடிக்கடி மறக்கும் ஒரு கோடு உண்டு. சமூகப் பொறுப்பு முகாமிலேயே தங்கள் காப்பீட்டையும் விற்றுவிடுவார்கள். கையெழுத்து போடுபவருக்கு எது இலவசம், எதற்கு வருஷாவருஷம் கணக்கில் பிடித்தம் என்பது தெரியாது. இந்தியச் சட்டம் இதில் தெளிவு. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, சட்டம் குறிக்கும் அளவை எட்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். வழக்கமான வியாபாரத்தின் பகுதியாகச் செய்வது இந்தக் கணக்கில் பொதுவாகச் சேராது. சட்டம் இல்லாத நாட்டிலும், விற்க வந்தவரையும் உதவ வந்தவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்காமல் இருப்பது நல்லது.

கென்யாவின் எம்-பெசா என்ற மொபைல் பண சேவை 2005ல் சோதனை நிலையில் இருந்தபோது, அது சிறுகடன் தவணை கட்டுவதற்கான ஏற்பாடு. மக்களோ அதை ஒருவருக்கொருவர் பணம் அனுப்பப் பயன்படுத்தினார்கள். நடத்தியவர்கள் அதைக் கவனித்துத் திட்டத்தையே மாற்றி, 2007ல் பணம் அனுப்பும் சேவையாக வெளியிட்டார்கள். நம் திட்டங்கள் பலவற்றில் இப்படி மாற்ற வழியே இருக்காது. மார்ச்சுக்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும், ஏப்ரலில் வேறு ஊர், வேறு திட்டம். குறைந்தது மூன்று ஆண்டுக்காவது ஒரே இடத்தில் இருக்கப் பாருங்கள். முகாமுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை எடுத்து, அதே பகுதியில் வாரம் ஒரு நாள் ஒருவரை உட்கார வையுங்கள். தப்பாய்ப் பதிவான போன் எண்ணை மாற்றுவதும், பணம் எடுத்துத் தரும் வங்கி முகவர் கமிஷன் பிடித்தால் புகார் எழுதித் தருவதும்தான் அவர் வேலை. அவருடைய புகார் நோட்டை ஆண்டறிக்கை எழுதுபவர் ஒரு தடவை படித்துவிட்டு அந்தப் பக்கத்தை எழுதட்டும்.