தெருவுக்காக ஜெபிக்கக் கூடும்போது இந்தத் தவறுகள் வேண்டாம்

போன மாதம் காட்பாடிப் பக்கம் புதிதாகத் தொடங்கியிருக்கும் ஒரு ஜெபக்குழுவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏழு பேர், எல்லாரும் சின்ன வயதுக்காரர்கள், வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் தங்கள் தெருவுக்காகக் கூடி ஜெபிக்கிறார்கள். சந்தோஷமாகத்தான் போனேன். ஆனால் சத்துவாச்சாரியில் எங்கள் குழு தொடங்கிய புதிதில் நாங்கள் செய்த அதே தவறுகளை ஒரு மணி நேரத்துக்குள் வரிசையாகப் பார்த்தேன். லேட்டாக வருவது, நடுவில் போன் அடிப்பது இதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஆள் எண்ணாதீர்கள்

இரண்டு மூன்று பேர் கூடினாலே போதும் என்று மத்தேயு 18இல் ஆண்டவரே சொல்லிவிட்டார். நம் வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அம்மா 1900இல் வைத்தியம் தொடங்கியதும் ஒரே ஒரு கட்டிலோடுதான்.

"இந்த ஊரை ஆசீர்வதியும்" என்று முடித்துவிடாதீர்கள்

ஊரில் யாரை, எதற்காக? கூடுவதற்கு முன்னால் தெருவில் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். குழாயில் தண்ணீர் வந்து எத்தனை நாள் ஆகிறது, பத்தாவது பரீட்சை எழுதும் பிள்ளைகள் எந்த வீட்டில் இருக்கிறார்கள், வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்து காந்தி ரோடு லாட்ஜில் பாஷை தெரியாமல் தங்கியிருக்கிற குடும்பத்துக்கு என்ன தேவை என்று பாருங்கள். மழைக்காக வருடக்கணக்கில் ஜெபித்த ஊர் இது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது, கரையோரத்தில் நடக்க முடியாத பெரியவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று எங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த வீட்டு விஷயத்தை ஜெபக்குறிப்பு ஆக்காதீர்கள்

இதைத்தான் எழுத வந்தேன். எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தார். 2017இல் ஒரு நாள் வாசலிலேயே நின்றுகொண்டு, மகனைக் குடியை நிறுத்தும் சிகிச்சைக்குச் சேர்த்திருப்பதாகச் சொல்லி, "நீ மட்டும் ஜெபம் பண்ணும்மா" என்று கேட்டார். நான் என்ன செய்தேன் என்றால், எட்டுப் பேர் இருக்கிற எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பெயரோடு, ஊக்கமாக ஜெபியுங்கள் என்று போட்டேன். நல்ல எண்ணத்தில்தான் போட்டேன். அதில் ஒருவர், அவரும் பாரத்தோடுதான், அதை அப்படியே சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் குழுவுக்கு அனுப்பினார், அங்கிருந்து அது எங்கெங்கோ போய், நாலாவது நாள் ஆரணியில் அந்தப் பையனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. சம்பந்தம் நின்றுபோனது. அந்த அக்கா என்னிடம் சண்டைக்கு வரவில்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ஜெபத்துக்கு வருவதை நிறுத்தினார், கொஞ்ச நாளில் வீட்டையும் காலி செய்துகொண்டு போய்விட்டார். அப்புறம் ஒரு முறை டோல்கேட் உழவர் சந்தையில் என்னைப் பார்த்தார், கீரைக்கட்டைக் கூடையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பி நடந்தார்.

காட்பாடியிலும் அன்றைக்கு ஒரு தம்பி கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, மூன்றாவது வீட்டு அண்ணன் வட்டிக்கடனில் மாட்டியிருக்கிறார்" என்று தொகையோடு சேர்த்து ஜெபித்தார். எனக்குப் பொறுக்கவில்லை, முடிந்ததும் கேட்டேவிட்டேன்: தம்பி, தொகை ஆண்டவருக்குத் தெரியாதா? இதை அந்த அண்ணன் உங்களிடம் சொன்னாரா, இல்லை யாரோ சொல்லிக் கேட்டீர்களா? அவரிடம் பதில் இல்லை.

நாங்கள் இப்போது இப்படிச் செய்கிறோம். யாராவது ஒரு கஷ்டத்தைச் சொன்னால், "இதைக் குழுவில் சொல்லலாமா?" என்று அவரிடமே கேட்கிறோம், தயங்கினால்கூடச் சொல்வதில்லை. "ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக" என்று சொன்னால் போதும், ஜெபம் குறைந்துவிடாது. வாட்ஸ்அப்பில் கூடுகிற இடமும் நேரமும் மட்டும்தான் போடுவோம். கேள்விப்பட்டது, பக்கத்து வீட்டார் சொன்னது எதுவும் குறிப்பு ஆகாது. தன் கதையைத் தானே சொல்லலாம், அவ்வளவுதான்.

யாருக்கும் விரோதமாக ஜெபிக்காதீர்கள்

எரேமியா 29ஐ வாசியுங்கள். சிறைபிடித்துக்கொண்டு போன பாபிலோனின் சமாதானத்துக்காகத்தான் ஜெபிக்கச் சொல்லியிருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் வேறு சாமி கும்பிடுகிறார் என்றால் அவர் பிள்ளையின் வேலைக்காகவும் ஜெபியுங்கள்.

மைக்

வேண்டாம். ஏழு பேருக்கு எதற்கு?

டிபன் போடாதீர்கள்

ஆரம்பத்தில் ஒரு வீட்டில் டீ, அடுத்த வீட்டில் போண்டா, அதற்கடுத்து இட்லி வடை சாம்பார் என்று ஏறிக்கொண்டே போனது. பீடி சுற்றிப் பிழைக்கிற ஒரு அம்மா, தன் முறை வந்தபோது இரண்டு வாரம் உடம்பு சரியில்லை என்று சொன்னார். மூன்றாவது வாரம்தான் எங்களுக்குப் புரிந்தது. இப்போது எந்த வீட்டில் கூடினாலும் டீயும் இரண்டு பிஸ்கட்டும்தான், கத்திரி வெயில் நாளில் மோர். அந்த அம்மா வீட்டில்தான் வருகிற வாரம் கூடுகிறோம்.