வேதாகம நாட்டில் மண் தோண்டப் போகுமுன்

யோசுவா காலத்தில் எரிகோவின் மதில் விழுந்த வேதாகமக் கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அந்த மண்ணை ஒருமுறையாவது கையால் தொட்டுத் தோண்ட வேண்டும் என்ற ஆசை இருக்கும். நல்ல ஆசைதான். இஸ்ரேலிலும் ஜோர்தானிலும் கோடையில் நடக்கும் பல அகழாய்வுகள் தன்னார்வலர்களை நம்பித்தான் நடக்கின்றன. 1963இல் சாக்கடல் பக்கத்து மசாதா கோட்டையைத் தோண்டத் தொடங்கிய இஸ்ரேலியத் தொல்லியலாளர் யிகேல் யாதின், செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்துப் பல நாடுகளிலிருந்து ஆள் சேர்த்தார். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. பெரும்பாலும் முன்அனுபவம் கேட்பதில்லை. ஆனால் புதிதாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் சில, செய்த பிறகு திருத்தவே முடியாதவை.

கிடைக்க வேண்டியதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போவதுதான் முதல் தவறு. 1930களில் எரிகோவில் தோண்டிய ஜான் கார்ஸ்டாங், விழுந்து கிடந்த ஒரு மதிலைப் பார்த்து, யோசுவா காலத்து மதில் இதுதான் என்றார். 1952 முதல் 1958 வரை அதே மேட்டில் தோண்டிய கேத்லீன் கெனியன், மண்ணடுக்குகளை வைத்து அந்த மதில் அதைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழையது என்று காட்டினார். பழுத்த ஆய்வாளருக்கே அப்படி நேர்ந்தது. வேதாகமத்தை நன்றாக வாசித்துவிட்டுப் போங்கள், அது உதவும். குழிக்குள் இறங்கிய பிறகு மட்டும், கண்ணெதிரே இருக்கும் மண்ணைப் பாருங்கள்.

அந்த மண்ணைக் கெடுப்பதும் சுலபம். குழிக்கும் குழிக்கும் நடுவே தோண்டாமல் ஒரு மண்சுவர் விட்டிருப்பார்கள். அதன் பக்கவாட்டில் சாம்பல், செங்கல் பொடி, மிதிபட்ட தரை என்று அடுக்குகள் வரிவரியாகத் தெரியும். கெனியனுக்கு இந்த முறையைப் பழக்கியவர் மார்ட்டிமர் வீலர். 1945இல் புதுச்சேரி பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டினாரே, அவரேதான். புதியவர்கள் களைத்துப்போய் அந்தச் சுவரின் விளிம்பில் உட்கார்ந்துவிடுவார்கள். விளிம்பு சரிந்தால் படிக்க வேண்டிய பக்கமே கிழிந்துபோகும். தயவுசெய்து உட்காராதீர்கள்.

அங்கே தூரியா என்று ஒரு கருவி கொடுப்பார்கள். நம்மூர் மண்வெட்டி மாதிரிதான் இருக்கும். பழகிய கை என்று வேகமாக வெட்டிக்கொண்டே போகக் கூடாது. மண்ணின் நிறமோ இறுக்கமோ மாறினால் நிறுத்துங்கள், மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். ஏதாவது பொருளின் முனை தெரிந்தாலும் அப்படித்தான். பிடுங்கி எடுத்துக்கொண்டு ஓடினால், அது எதன் மேல், எதன் கீழ் கிடந்தது என்ற விவரம் போய்விடும். காலத்தைச் சொல்வது அந்த விவரம்தான். உடைந்த பானை ஓடுகளைப் போடும் வாளியில் தேதி, குழி எண், அடுக்கு எண் எழுதிய சீட்டு ஒன்று இருக்கும். வாளி நிரம்பிவிட்டதே என்று பக்கத்து வாளியில் நாலு ஓடுகளைப் போட்டால், இரண்டு வாளியின் சாட்சியும் கெட்டது.

ஓடு கழுவும் வேலையை லேசாக நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் உடைந்த பானை ஓடுதான் துண்டுச்சீட்டு. அதில் மையால் எழுதுவார்கள். பழைய யூதா நாட்டு நகரமான லாகீஸில் 1935இல் கிடைத்த கடிதங்கள் அப்படிப்பட்டவை. பிரஷ்ஷை எடுத்து வரக்கு வரக்கென்று தேய்த்தால் எழுத்து தண்ணீரோடு போய்விடும். முதலில் மெதுவாக நனையுங்கள், இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள், அப்புறம் கழுவலாமா என்று கேளுங்கள். ஆராத் கோட்டையில் 1960களில் கிடைத்த ஓடு ஒன்றின் பின்பக்கம் வெறுமையானது என்றே பல பத்தாண்டுகள் நினைத்திருந்தார்கள். சிறப்புக் கேமராவால் படமெடுத்தபோது அங்கே திராட்சரசம் அனுப்பச் சொல்லும் வரிகள் இருப்பது 2017இல் தெரிந்தது. யாரோ அன்று அழுத்தித் தேய்த்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

ஞாபகத்துக்கு ஒரு சின்ன ஓடு எடுத்துக்கொள்ளலாமே என்றும் தோன்றும். வேண்டாம். 1978ஆம் ஆண்டின் இஸ்ரேலியத் தொல்பொருள் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்கே சொந்தம். 

போகுமுன் கவனிக்க வேண்டியவையும் உண்டு. தன்னார்வலர் என்றால் எல்லாம் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். விமானச் செலவு நம்முடையது, தங்கவும் சாப்பிடவும் பெரும்பாலும் நாமே கட்ட வேண்டும். 2023 அக்டோபருக்குப் பிறகு போரால் பல அகழாய்வுகள் ரத்தாகின. ஆகவே பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டும் பயணக் காப்பீடும் இல்லாமல் கிளம்பாதீர்கள். வெயிலுக்கு முன் வேலை முடிய வேண்டும் என்பதால் விடியுமுன்பே எழுப்பிவிடுவார்கள். இரவு ஊர் சுற்றினால் மறுநாள் குழியில் தலைசுற்றும். தாகம் எடுக்குமுன்பே தண்ணீர் குடியுங்கள்.

கடைசியாக, சல்லடை. நாள் முழுக்க மண்ணைச் சலித்துக் கல்லும் எலும்புமாகப் பார்த்தால் அலுப்பு வரும், கண் மேலோட்டமாக ஓடும். எருசலேமில் கெத்தேப் இன்னோம் என்னும் இடத்துக் கல்லறைக் குகையில் 1979இல் கபிரியேல் பார்காயின் குழு இரண்டு வெள்ளிச் சுருள்களைக் கண்டெடுத்தது. எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தில் வரும் ஆசாரியரின் ஆசீர்வாதம் அவற்றில் பொறித்திருந்தது. வேதாகம வசனம் உள்ளதாக இன்றுவரை கிடைத்தவற்றில் அவையே மிகப் பழையவை. சாக்கடல் பக்கத்துக் குகைகளில் கிடைத்த புகழ்பெற்ற சாக்கடல் சுருள்களுக்கும் முந்தியவை. இரண்டில் சிறியதை விரித்தபோது நீளம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர், அகலம் 1 சென்டிமீட்டர். அது கிடைத்தது மண் சலிக்கும்போதுதான்.