கஸ்டம் வாட்டர் கூலிங்: பொருள் வாங்குவதற்கு முன்பே செய்துவிடும் தவறுகள்

கேமிங் கணினிக்குக் கஸ்டம் லூப் (பம்ப், குழாய், ரேடியேட்டர் என்று பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே கோக்கும் வாட்டர் கூலிங்) போடப்போகிறேன் என்று யோசனை கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் ஒரு முடிவை எடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள்: உள்ளே ஓடும் திரவமான கூலன்ட் என்ன நிறம் என்று. அடுத்து அந்தத் திரவம் நிற்கும் தொட்டியான ரிசர்வாயர். அதற்கப்புறம் பளபளவென்று வளைந்து போகும் ஹார்டு டியூப். தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டர் எத்தனை வேண்டும், அது கேபினட்டுக்குள் நுழையுமா என்ற கேள்வி பாதிப் பணம் செலவான பிறகு வருகிறது. மண்டபம் பார்க்காமல் பத்திரிகை அடித்த கல்யாணம் மாதிரிதான் இது. லூப்பில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி, ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கும் முன்பே நடந்து முடிந்தவை.

கணக்கு சூட்டிலிருந்து தொடங்க வேண்டும். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஆர்டிஎக்ஸ் 4080 கிராபிக்ஸ் கார்டு 320 வாட் வரை இழுக்கும். கூட இருப்பது ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசஸர்; கேம் ஓடும்போது அது நூறு வாட்டைத் தொடுவதே அரிது. ஆக, தோராயமாக 400 வாட். விசிறிகள் அமைதியாகச் சுழல வேண்டும், தண்ணீர் அறையைவிடப் பத்து டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால், நூறு வாட்டுக்கு ஒரு 120 மி.மீ. விசிறி அளவு ரேடியேட்டர் என்பது இந்த வேலையில் இருப்பவர்கள் வைத்துக்கொள்ளும் தோராயக் கணக்கு. அப்படியானால் நான்கு விசிறி இடம். ஒன்று கூடுதலாக வைத்துக்கொண்டால் மூன்று விசிறி பிடிக்கும் 360 ரேடியேட்டர் ஒன்றும், இரண்டு விசிறி பிடிக்கும் 240 ஒன்றும். இதே கார்டுக்கு ஒரே ஒரு 240 போட்டால் லூப் ஓடத்தான் செய்யும். ஆனால் விசிறிகள் மிக்ஸி மாதிரி இரையும். சத்தம் குறையத்தானே இத்தனை செலவு?

இங்கேயே இன்னொரு தவறான எதிர்பார்ப்பையும் சொல்லிவிடுகிறேன். பிராசஸருக்கு மட்டும் கஸ்டம் லூப் போட நினைப்பவர்கள் தயவுசெய்து பிராசஸர் மேல் பொருத்தும் நல்ல ஏர் கூலர் ஒன்றை வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தைக் கார்டில் போடுங்கள். இன்றைய பிராசஸர்களின் சிலிக்கான் துண்டு நகம் அளவுதான். அந்தச் சின்ன இடத்திலிருந்து மேல் மூடிக்குச் சூடு ஏறுவதற்குள்ளேயே நெரிசல். அதற்கு மேலே தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பெரிய மாற்றம் தெரியாது. ரைசன் 7000 வரிசையின் பெரிய பிராசஸர்கள் முழுச் சுமையில் 95 டிகிரி வரை போய் நிற்பது பழுதல்ல, வடிவமைப்பே அப்படி. கஸ்டம் லூப்பின் பலன் முழுதாகத் தெரிவது கிராபிக்ஸ் கார்டில். அங்கே சிலிக்கான் பெரிது, மேல்மூடி கிடையாது, தண்ணீர் உள்ளே ஓடிச் சூட்டை வாங்கும் வாட்டர் பிளாக் நேராக அதன் மேல் உட்காருகிறது.

அப்புறம் நம் ஊர் வெயில். இந்த விஷயத்தில் நாம் பார்க்கும் வீடியோக்கள் பெரும்பாலும் 21, 22 டிகிரி அறையில் எடுத்தவை. மே மாதம் ஏசி இல்லாத மாடி அறையில் 36 டிகிரி என்றால், தண்ணீர் அதற்குக் கீழே ஒருபோதும் இறங்காது. பத்து டிகிரி கூட்டினால் 46. ரேடியேட்டர் போதாத லூப்பில் 55-ஐயும் எட்டிவிடும். லூப்களில் பரவலாகப் போடும் டி5 வகை பம்ப்புக்குச் சொல்லப்படும் உச்ச வரம்பு 60 டிகிரி. ஹார்டு டியூப்பில் ஒரு வகையான பிஇடிஜி பிளாஸ்டிக் குழாயும் அதற்குப் பக்கத்தில் வந்தால் தளர்ந்து, குழாயைப் பாகத்தோடு இணைக்கும் ஃபிட்டிங் பிடிக்கும் இடத்தில் நழுவப் பார்க்கும். ஆகவே ஏசி இல்லாத அறையில் ஹார்டு டியூப்தான் வேண்டும் என்றால் அக்ரிலிக் வாங்குங்கள். வளைப்பது கொஞ்சம் சிரமம், ஆனால் சூட்டைத் தாங்கும். முதல் லூப் என்றால் என் வாக்கு சாஃப்ட் டியூப்புக்கே.

தண்ணீர் அறையைவிடக் குளிராது என்பதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. குளிர்பான பாட்டில் மாதிரி குழாயில் வியர்த்து மதர்போர்டில் சொட்டுமோ என்று கடலோர ஊர்க்காரர்கள் பயப்படுகிறார்கள். சொட்டாது. சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்த பரப்பில்தான் நீர் கோக்கும். அதே சமயம், வாட்டர் கூலிங் போட்டால் அறை குளுகுளுவென்று ஆகிவிடும் என்று நினைப்பதும் தப்பு. தண்ணீர் சூட்டைத் தின்றுவிடாது, இடம் மாற்றும், அவ்வளவுதான். 400 வாட்டும் உங்கள் அறைக்குள்தான் வந்து விழும்.

சரி, அளவுக்கு வருவோம். 360 ரேடியேட்டர் என்றால் 360 மி.மீ. நீளம் என்று எண்ணுவது எல்லோரும் ஒருமுறை செய்யும் தவறு. 360 என்பது மூன்று விசிறிகளின் நீளம். இரு முனைகளிலும் தண்ணீர் திரும்பும் தொட்டிகள் சேர்ந்தால் ஏறத்தாழ 400 மி.மீ. வந்துவிடும். தடிமன் 30 மி.மீ. என்று போட்டிருப்பது ரேடியேட்டர் மட்டும். விசிறி 25 சேர்த்தால் 55. அதற்கு மேல் ஃபிட்டிங் நீட்டிக்கொண்டு நிற்கும், குழாய் வளைய இடம் வேண்டும். கேபினட் நிறுவனம் 'மேலே 360 பொருந்தும்' என்று எழுதியிருப்பது உண்மையாகவே இருக்கும். ஆனால் உங்கள் ராம் உயரமானதாக இருந்தால் பொருந்தாது என்பதை எழுதியிருக்காது.

நான் செய்வது இது. ஆன்லைனில் வந்த ஏதாவது ஓர் அட்டைப் பெட்டியை 400-க்கு 125-க்கு 55 மி.மீ. அளவில் கத்தரித்து, டேப் ஒட்டிப் பொய் ரேடியேட்டர் ஒன்று செய்துகொள்வேன். அதைக் கேபினட்டின் மேலே வைத்துப் பார்ப்பேன், முன்னால் வைத்துப் பார்ப்பேன். மதர்போர்டின் எட்டு பின் கேபிள் செருகும் மூலையில்தான் பெரும்பாலும் இடிக்கும். கையை உள்ளே விட்டு அந்தக் கேபிளைச் செருக முடிகிறதா என்று அட்டையோடு சேர்த்துச் சோதிக்க வேண்டும். பத்து நிமிட வேலை. தடித்த 60 மி.மீ. ரேடியேட்டர் மீது ஆசைப்பட்ட பலரும் இந்த அட்டையைப் பார்த்த பிறகு மெலிந்ததற்கு இறங்கி வந்திருக்கிறார்கள்.

நான் பணத்தை விட்ட இடம் கிராபிக்ஸ் கார்டு பிளாக். என்னுடைய கார்டின் சிப் பெயரும் பிளாக்கின் பெட்டியில் இருந்த பெயரும் ஒன்றேதான். வாங்கிவிட்டேன். கார்டைக் கழற்றி, பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பிளாக்கை வைத்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் போர்டில் இருக்கும் ஒரு சின்னக் கம்பிச் சுருளில் இடிக்கிறது. ஒரே சிப்பை வைத்து ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்குப் போர்டு வரைகிறது. பிளாக் பொருந்த வேண்டியது போர்டுக்கு, சிப்புக்கு அல்ல. வெளிநாட்டிலிருந்து வந்த பொருள், திருப்பி அனுப்பும் செலவு பாதி விலை. கட்டிய சுங்க வரி போனது போனதுதான். பிளாக் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் உங்கள் கார்டின் முழு மாடல் எண்ணைத் தேடுங்கள். அதே மாடலில் பிறகு வந்த மாற்றுப் பதிப்புக்கும் போர்டு மாறியிருக்கலாம். கார்டைத் திறந்தால் வாரண்டி நிற்குமா என்பதையும் அதன் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

எந்தப் பாகத்துக்குப் பிறகு எந்தப் பாகம் என்ற வரிசையைப் பற்றி நடக்கும் சண்டைகளில் நேரத்தை வீணாக்க வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஓடினால், ஒவ்வொரு 70 வாட்டுக்கும் அது ஒரு டிகிரி சூடாகும். நான்கு லிட்டர் ஓடும் லூப்பில் 400 வாட் சேர்ந்தால் ஏறுவது ஒன்றரை டிகிரிக்குக் கீழே. குழாய் எப்படிப் போனால் அழகாகவும் குட்டையாகவும் இருக்குமோ அப்படிப் போடுங்கள். ஒரே ஒரு வரிசைதான் முக்கியம்: ரிசர்வாயர் பம்ப்புக்கு மேலே, அதற்கு நேராக ஊட்டும்படி இருக்க வேண்டும். டி5, இன்னொரு வகையான டிடிசி ஆகிய பம்ப்புகளின் பேரிங்குக்கு எண்ணெய் அந்தத் தண்ணீர்தான். காய்ந்து ஓடினால் கெட்டுவிடும். அந்த டி5-ஐ மதர்போர்டின் சாதாரண விசிறி முனையில் செருகி மின்சாரம் கொடுக்கவும் பார்க்காதீர்கள். அந்த முனை தருவது வழக்கமாக ஓர் ஆம்பியர், டி5 முழு வேகத்தில் இரண்டு ஆம்பியர் வரை கேட்கும். மின்சாரம் கணினியின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்-இலிருந்து நேராக வரட்டும்.

உலோகத்தைக் கலப்பது மெதுவாகக் கொல்லும் தவறு. வாட்டர் பிளாக்குகள் செம்பு அல்லது நிக்கல் பூசிய செம்பு. பெட்டியோடு வரும் ரெடிமேட் லிக்விட் கூலர்களின் ரேடியேட்டர் பெரும்பாலும் அலுமினியம். பழைய கூலரை வெட்டி அந்த ரேடியேட்டரை லூப்பில் சேர்த்தால், ஒரே தண்ணீரில் நனையும் செம்பும் அலுமினியமும் பேட்டரி போல நடந்துகொள்ளும், அலுமினியம் அரித்துப்போகும். இந்தப் பொழுதுபோக்கின் ஆரம்ப நாட்களில் காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டரான ஹீட்டர் கோரை எடுத்துக் கணினிக்குப் போட்டார்களே என்று கேட்பீர்கள். அவை செம்பும் பித்தளையுமாக இருந்த பழைய கோர்கள். இன்றைய கார்களில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊரின் பிரத்யேகத் தவறு ஒன்று உண்டு: கேன் தண்ணீர். குடிக்கிற தண்ணீர்தானே, ஆர்ஓ செய்ததுதானே என்று ஊற்றிவிடுகிறார்கள். ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கிறது. வீட்டு ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிவது எதுவோ, அதன் தம்பி இது. டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, அரிப்பைத் தடுக்கவும் பாசி வராமல் இருக்கவும் விற்கும் மருந்தைச் சொன்ன அளவில் கலக்கலாம். அல்லது கலந்தே வரும் தெளிந்த கூலன்ட். பால் மாதிரி திரண்ட வெள்ளை கூலன்ட் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. எட்டு மாதத்தில் பிராசஸர் சூடு மெல்ல ஏறியது. பிளாக்கைத் திறந்தால் உள்ளே தலைமுடி கனத்தில் அடுக்கியிருக்கும் செம்புத் தகடுகளுக்கு நடுவே தயிர் ஏடு மாதிரி அப்பிக்கிடந்தது. பழைய பல்துலக்கியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. நிறம் வேண்டுமென்றால் நிறக் குழாய் வாங்குங்கள், தண்ணீர் தெளிவாகவே இருக்கட்டும்.

ஃபிட்டிங்குகளைக் குறைத்து மதிப்பிடாதவர் யாருமில்லை. கணக்கு எளிது: இரண்டு பிளாக், இரண்டு ரேடியேட்டர், ரிசர்வாயரோடு சேர்ந்த பம்ப் ஒன்று. ஐந்து பாகம், ஐந்து குழாய், பத்து ஃபிட்டிங். இது நேராகப் போனால். திரும்பும் இடத்தில் 90 டிகிரி முழங்கை, வடிப்பதற்கு 'T' வடிவ இணைப்பு ஒன்று, ஒரு வால்வு, அதற்கு இணைப்புகள். மொத்தமாகச் சேர்த்தால் ஃபிட்டிங் செலவு பம்ப்பின் விலையைத் தாண்டிவிடும். இரண்டு கூடுதலாகவே வாங்கி வையுங்கள். சனிக்கிழமை இரவு ஒரு ஃபிட்டிங் குறைந்தால் பக்கத்து ஹார்டுவேர் கடையில் கிடைக்காது.

ஹார்டுவேர் கடை என்றதும் ஞாபகம் வருகிறது. உதவிக்கு வரும் மாமாவோ சித்தப்பாவோ டெஃப்லான் டேப்பும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு வருவார். அன்போடு தடுத்துவிடுங்கள். ஃபிட்டிங்குகளில் இருக்கும் ஜி1/4 அளவு மரையில் கசிவைத் தடுப்பது மரை அல்ல, ஃபிட்டிங்கின் அடியில் இருக்கும் ரப்பர் ஓ-ரிங். டேப் சுற்றினால் ஓ-ரிங் சரியாக அமராது, பிய்ந்த இழை பிளாக்குக்குள் போய்ச் சிக்கும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் அக்ரிலிக் பிளாக் விரிசல் விடும். கையால் முறுக்கி, ஓ-ரிங் அமுங்கியது தெரிந்ததும் நிறுத்த வேண்டும்.

முதல் முறை நிரப்பும்போது மதர்போர்டுக்கும் கார்டுக்கும் போகும் எல்லா மின் கேபிளையும் கழற்றிவிட்டு, எஸ்எம்பிஎஸ்-இன் 24 பின் முனையில், மதர்போர்டு இல்லாமலே அதை இயக்குவதற்கென்று விற்கும் பிரிட்ஜ் பிளக்கைச் செருகி, பம்ப்பை மட்டும் ஓட்டுங்கள். ரிசர்வாயரில் மட்டம் இறங்கியதும் நிறுத்தி, நிரப்பி, மறுபடி. ஒவ்வொரு இணைப்புக்குக் கீழும் டிஷ்யூ பேப்பர். ஒரு ராத்திரியாவது ஓடட்டும். அதற்கும் முன்னால், கைப் பம்ப்போடு மீட்டர் வைத்த காற்றுச் சோதனைக் கருவி கிடைத்தால் தண்ணீர் ஊற்றாமலேயே கசிவு தெரிந்துவிடும், செலவு செய்யலாம்.

அந்த வடிகால் வால்வை மட்டும் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விடாதீர்கள். லூப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில், கேபினட்டுக்கு வெளியே குழாய் நீட்ட வசதியாக, வரைபடத்திலேயே அது இருக்க வேண்டும். கூலன்ட் மாற்ற, ராம் மாற்ற, கார்டு மாற்ற, ஒவ்வொன்றுக்கும் அதைத்தான் தேடுவீர்கள். வால்வு படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று விட்டுவிட்ட நண்பர் ஒருவர், ஒருநாள் பதினெட்டுக் கிலோ கேபினட்டைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய் வாளிக்கு மேல் சாய்த்துப் பிடித்தார். நான் டவலோடு பின்னால் நின்றேன். நீல நிறத் தண்ணீரில் பாதி வாளியிலும் மீதி எங்கள் சட்டையிலும் விழுந்தது. மறுநாளே வால்வு ஆர்டர் போட்டார். அது வந்து சேர்வதற்குள் அவசரப்பட்டு லூப்பை மறுபடி நிரப்பியும் விட்டார். வால்வு இப்போது மேஜை மேல் இருக்கிறது. அதைப் பொருத்த, முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும்.