லீ-என்ஃபீல்ட் ரைபிளைக் கழற்றித் துடைப்பது எப்படி?

இங்கே எடுத்துக்கொண்டது .303 லீ-என்ஃபீல்ட் நம்பர் 1 மார்க் 3. 1907-இல் வந்தது, மேற்கு வங்கத்தின் ஈஷாப்பூர் ஆயுதத் தொழிற்சாலையிலும் தயாரானது. உரிமதாரர்கள் வைத்திருக்கும் .315 ஸ்போர்ட்டிங் ரைபிளும் இதே குடும்பம்தான்.

தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். குழல் முனை ஆளில்லாத பக்கம், விரல் ட்ரிகருக்கு வெளியே.

முதலில் மேகசின் (தோட்டாப் பெட்டி). ட்ரிகர் கார்டுக்குள் (ட்ரிகரைச் சுற்றிய வளையம்) இருக்கும் கேட்சை மேலே தள்ளினால் கழன்றுவிடும். அதன் பிறகே சேஃப்டியை முன்னால் தள்ளி (பின்னால் இருந்தால் போல்ட் பூட்டிக்கொள்ளும்), குழலின் பின்வாயை மூடும் உருளையான போல்ட்டைத் திறக்க வேண்டும். வரிசையை மாற்றினால், போல்ட்டைத் திரும்ப மூடும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா சேம்பருக்குள் (தோட்டா உட்காரும் அறை) ஏறிவிடும். "காலி பண்ணிட்டேன்" என்று நம்பிய துப்பாக்கி வெடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தடவுங்கள்.

போல்ட்டைக் கடைசிவரை இழுத்து, அதன் தலையைக் கட்டைவிரலால் மேலே நெம்புங்கள். 'டக்' என்று விடுபடும், பின்பக்கமாக உருவிவிடலாம். இறுக்கமாக இருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், சுத்தியல் வேண்டாம்.

போல்ட் கைப்பிடி தொடங்கும் இடத்தின் பின்பக்கம் உள்ள எண்ணும் துப்பாக்கி உடலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறு துப்பாக்கியின் போல்ட்டோ, போல்ட் தலையோ போட்டால் தோட்டாவின் அடிக்கும் போல்ட்டுக்கும் நடுவே இடைவெளி மாறும். அது கூடினால் சுடும்போது தோட்டாவின் கூடு கிழியும்.

குழலை எப்போதும் சேம்பர் பக்கமிருந்தே துடைக்க வேண்டும். புல்-த்ரூ என்ற துடைப்புக் கயிற்றின் பித்தளைக் குண்டை உள்ளே விட்டு, 4 அங்குலத்துக்கு 2 அங்குல ஃபிளானல் துணியை மாட்டி, ஒரே மூச்சில் நேராக இழுங்கள். கயிறு குழல் முனையில் உரசினால் நாளடைவில் பள்ளம் விழும், குறியும் போய்விடும்.

பழைய ராணுவத் தோட்டாக்களைச் சுட்டிருந்தால் வெறும் எண்ணெய் போதாது. அவற்றின் பிரைமர் (தோட்டாவின் அடியில் தீமூட்டும் மருந்து) குழலுக்குள் உப்பை விட்டுச் செல்லும். எண்ணெயில் உப்பு கரையாது என்பது சமையலறையில் தெரிந்த சங்கதிதான். புனல் வைத்து 2, 3 லிட்டர் கொதிநீரை ஊற்றி, சூட்டோடு துணியால் துடைத்து, பிறகு எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஊட்டிக் குளிரில் ஸ்ட்ரைக்கர் (தோட்டாவைக் குத்தும் ஊசி) மந்தமாகி, தோட்டா வெடிக்காமல் போகலாம்.

எக்ஸ்ட்ராக்டரின் (சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) அடியில் சேரும் கரியைப் பழைய பல் துலக்கியால் எடுங்கள். ஸ்ட்ரைக்கரைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும், தொடக்கத்தில் அதை விட்டுவிடலாம்.

கட்டையிலும் கை வைக்காதீர்கள். முன்கட்டையை எடுக்காமல் பின்கட்டையின் ஸ்க்ரூவைத் திருகினால், அதன் சதுர முனை முன்கட்டையைப் பிளந்துவிடும்.

பூட்டும்போது போல்ட் தலை முழுவதும் திருகப்பட்டிருக்க வேண்டும். காக்கிங் பீஸும் (போல்ட்டின் பின்முனைத் துண்டு) போல்ட்டின் பக்க முட்டும் ஒரே கோட்டில் இருக்கட்டும், இல்லாவிட்டால் உள்ளேயே போகாது. போல்ட்டை உள்ளே விட்டுத் தலையைக் கீழே அழுத்தி உட்கார வையுங்கள். மேகசின் இல்லாமலேயே மூடி, பாதுகாப்பான பக்கம் நோக்கி ட்ரிகரை இழுத்துப் பாருங்கள். பிறகு சேஃப்டி, கடைசியாக மேகசின்.

அடுத்த முறை சுடப் போகும் முன் குழலையும் சேம்பரையும் காய்ந்த துணியால் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கூடு சேம்பர் சுவரைப் பிடிக்காமல் வழுக்கி, முழு உதையும் போல்ட்டின் மேல் விழும்.