டிராக் டேக்கு முன் பிரேக் விஷயத்தில் செய்யக்கூடாத தவறுகள்

சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் டிராக் டே ஒன்றுக்கு முதன்முதலாகப் போன அன்று, ஐந்தாவது சுற்றில் பிரேக் பெடல் பஞ்சுபோல் அமுங்கியது. மறுபடி மிதித்தேன், இன்னும் கீழே போனது. மூன்றாவது மிதியில்தான் வேகம் குறையத் தொடங்கியது. வளைவுக்கு வெளியே அகலமான சரளைப் பரப்பு இருந்ததால் எனக்கும் காருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரத்துக்கு முன்புதான் புதிய பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) போட்டிருந்தேன். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கும் நல்ல நிலையில்தான் இருந்தது. மூன்று வருடங்களாக மாற்றாமல் விட்டிருந்த பிரேக் ஆயிலைப் பற்றி மட்டும் நான் யோசிக்கவே இல்லை.

அதன்பிறகு தடத்துக்குப் புதிதாக வரும் பலருடைய கார்களைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். தவறுகள் வேறுவேறாகத் தெரிந்தாலும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான். பிரேக் எவ்வளவு அழுத்தமாகப் பிடிக்கிறது என்பதையே கவனிக்கிறோம். எவ்வளவு வெப்பத்தைத் தாங்குகிறது என்பதைக் கவனிப்பதில்லை. சாலையில் அந்தக் கணக்கு தேவைப்படாது. தடத்தில் எல்லாமே அந்தக் கணக்குதான்.

ஓட்டுநரோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் ஒன்று 200 கி.மீ. வேகத்திலிருந்து 80 கி.மீ. வேகத்துக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அது இழக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 19 லட்சம் ஜூல். அறை வெப்பநிலையிலுள்ள ஏறக்குறைய ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அந்த ஆற்றல் போதும். நான்கைந்து விநாடிகளுக்குள் அதில் பெரும்பகுதி வெப்பமாக மாறி டிஸ்க்குகளில் இறங்குகிறது, அதிலும் முன்சக்கரங்களுக்கே கூடுதல் பங்கு. சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து முழுவதுமாக நிறுத்தும்போது உண்டாவதைப் போல இது ஒன்பது மடங்கு. அந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஒருமுறை தடத்தில் இறங்கினால் இருபது நிமிடம் இப்படியே போகும்; அதுதான் ஓர் அமர்வு.

பிரேக் ஆயிலைக் கடைசியில் நினைப்பது

பேச்சு வழக்கில் பிரேக் ஆயில் என்கிறோமே தவிர, நம் கார்களில் இருப்பது எண்ணெய் அல்ல. கிளைகால் (glycol) என்ற வேதிப்பொருள் வகைத் திரவம் அது. காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். பிரேக் திரவங்களுக்கான டாட் (DOT) தரங்களில், டாட் 4-இன்படி புதிய திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதில் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரி. டாட் 5.1-க்கு இவை 260, 180. தடத்துக்கென்றே செய்யப்படும் திரவங்கள் பல புதிதாக இருக்கும்போது 300 டிகிரிக்கு மேல் தாங்கும்.

பேட்டை டிஸ்க்கின்மீது அழுத்தும் காலிப்பருக்குள் திரவம் கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும். ஆகவே உங்கள் கால் கொடுக்கும் அழுத்தம் பேட்டைத் தள்ளும் பிஸ்டனுக்குப் போகாமல் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. பெடல் தரைவரை போவது இதனால்தான். ஒரு காருக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வது என்று யாராவது கேட்டால், தயங்காமல் திரவத்தைத்தான் சொல்வேன். பேட்டைவிட, டிஸ்க்கைவிட, வேறெதையும்விட.

இதிலேயே சில தவறுகள் ஒளிந்திருக்கின்றன. எண் கூடினால் தரம் கூடும் என்று நம்பி டாட் 5 வாங்கி ஊற்றுவது ஒன்று. டாட் 5 என்பது சிலிகான் திரவம். டாட் 4, டாட் 5.1 ஆகியவற்றோடு அது கலக்காது. காற்றுக் குமிழிகளை எளிதில் பிடித்து வைத்துக்கொள்ளும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் உள்ள கார்களுக்குப் பொருந்தாது. 5-க்கும் 5.1-க்கும் பெயரில் மட்டும்தான் நெருக்கம். மற்றொன்று, போன தடவை திறந்து மீதி வைத்த புட்டியை இந்தத் தடவை ஊற்றுவது. திறந்த புட்டியும் ஈரம் இழுக்கும். சிறிய புட்டிகளாக வாங்குங்கள், மிஞ்சியதைத் தடத்துக்கு நம்பாதீர்கள்.

திரவம் மாற்றும்போது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவதை, அதாவது காற்று எடுப்பதை, அவசரமாகச் செய்ய வேண்டாம். டிஸ்க்கின் இரு பக்கமும் பிஸ்டன் உள்ள நிலையான காலிப்பர்கள் பலவற்றில் உட்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக இரண்டு காற்றுத் திருகுகள் இருக்கும். கைக்கு எளிதாக எட்டும் வெளித்திருகை மட்டும் திறந்துவிட்டு உள்ளே காற்றோடு தடத்துக்கு வந்த கார்களைப் பார்த்திருக்கிறேன். மேலே உள்ள திரவக் கிண்ணம் ஒருமுறைகூடக் காலியாகக் கூடாது. காலியானால் ஏபிஎஸ் அலகுக்குள் காற்று புகுந்துவிடும். அதை வெளியேற்றப் பல கார்களில் கணினிக் கருவி தேவைப்படும். பழைய காரில் பெடலைத் தரைவரை மிதித்துக் காற்று எடுப்பதும் நல்லதல்ல. பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் வழக்கமாக ரப்பர் வளையம் போகாத ஆழத்தில் துருவும் கசடும் படிந்திருக்கும். அங்கே உரசினால் வளையம் கிழிந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டால் போதும்.

பெடல் சொல்வதைத் தவறாகப் புரிந்துகொள்வது

பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றதும் புதிய பேட் வாங்கப் போகிறார்கள். முதலில் பெடல் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கிக் கீழே போனால் திரவம் கொதித்திருக்கிறது. பெடல் கல்போல் உறுதியாக இருந்தும் கார் வேகம் குறையவில்லை என்றால் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதுதான் பலரைக் குழப்புவது. வளைவோரத் திண்டின்மீது ஏறி இறங்கிய பிறகு வரும் முதல் மிதி மட்டும் ஆழமாகப் போகும்; இரண்டாவது மிதி வழக்கம்போல் இருக்கும். இங்கே திரவத்தில் குறை இல்லை. சக்கர பேரிங்கில் ஆட்டம் இருந்தாலோ, அச்சுப்பகுதி வளைந்து கொடுத்தாலோ டிஸ்க் அசைந்து பேட்டையும் பிஸ்டனையும் பின்னுக்குத் தள்ளிவிடும். பேரிங்கைச் சோதியுங்கள். அதுவரை, அடுத்த வளைவு வருமுன் நேர்ப்பாதையிலேயே பெடலை லேசாக ஒருமுறை தொட்டுவிடுங்கள்.

எந்த வகையாக இருந்தாலும், பெடல் மாறியதை உணர்ந்த பிறகு இன்னும் ஒரு சுற்று போய்ப் பார்ப்போம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வேகத்தைக் குறைத்து, கையசைத்து மற்றவர்களுக்கு வழிவிட்டு, உள்ளே வந்துவிடுங்கள்.

பேட் தேர்விலும் பழக்குவதிலும்

சாலைப் பேட்டுகள் குளிரிலும் மழையிலும் முதல் மிதியிலேயே பிடிக்கவும், சத்தமில்லாமல் இருக்கவும் செய்யப்பட்டவை. அதற்கு ஈடாகச் சூடு ஏறினால் சீக்கிரம் கைவிட்டுவிடும். பந்தயப் பேட்டின் குணம் இதற்கு நேர்மாறு. சூடேறும்வரை சரியாகப் பிடிக்காது, கீச்சிடும், டிஸ்க்கைத் தின்னும். வேகமான தடத்துக்காக அதைப் போட்டுக்கொண்டு, விடியற்காலையில் குளிர்ந்த பிரேக்கோடு நெடுஞ்சாலையில் ஓட்டிவருவது உண்மையான ஆபத்து. இடைப்பட்ட வகைப் பேட்டுகள் இருக்கின்றன. முதல் சில டிராக் டேக்களுக்கு அவையே போதும். அதைவிட வீரியமான பேட் வேண்டும் என்றால் தடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.

முன்சக்கரத்துக்கு ஒரு வகை, பின்சக்கரத்துக்கு வேறு வகை என்று கைக்குக் கிடைத்ததைப் போடுவது எனக்குப் பயம் தரும் விஷயம். பின்பேட் முன்பேட்டைவிட அதிகம் பிடித்தால், பிரேக் பிடித்தபடி வளைவுக்குள் நுழையும்போது காரின் பின்பகுதி முன்னால் வரப் பார்க்கும். ஏபிஎஸ் ஓரளவு காப்பாற்றும், எல்லா நேரமும் அல்ல. ஒரே குடும்பத்துப் பேட்டை நான்கு சக்கரத்துக்கும் வாங்குங்கள்.

பாதி தேய்ந்த பேட்டோடு போய் இன்றோடு முடித்துவிடலாம் என்ற எண்ணமும் பலருக்கு வருகிறது. பேட் என்பது உராயும் பொருள் மட்டுமல்ல, டிஸ்க்கின் சூடு பிஸ்டனுக்கும் திரவத்துக்கும் போகாமல் தடுக்கும் சுவரும்கூட. சுவர் மெலிந்தால் திரவம் சீக்கிரம் கொதிக்கும். தடத்தில் தேய்மானமும் சாலையைப் போல இருக்காது. சில மாதங்களின் தேய்மானம் ஒரே நாளில் முடிந்துவிடலாம். பாதிக்கும் கீழே இருந்தால் அதைத் தடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

புதிய பேட்டைப் பழக்காமல் முதல் சுற்றிலேயே முழுவேகத்தில் பிடித்தால், அதிலுள்ள பிசின் பொருள்கள் ஒரேயடியாக வாயுவாக வெளியேறி, பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மெத்தைபோல நிற்கும். புதுப் பேட் கைவிடுவது பெரும்பாலும் இதனால்தான். தயாரிப்பாளர் சொல்லும் முறையைப் பின்பற்றுங்கள். பொதுவாக அது சுமார் 100 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை, முழுவதும் நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை அழுத்திப் பிடித்து, பிறகு பிரேக்கைத் தொடாமல் ஆறவிடுவதாக இருக்கும். தடத்தின் முதல் அமர்வையே இதற்கு ஒதுக்குவது நல்லது. இப்படிச் செய்யும்போது பேட்டின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கில் சீராகப் படிகிறது. தடத்தில் பேட்டின் பிடிமானம் பெருமளவு அந்தப் படலத்தைச் சார்ந்தது. சூடான நிலையில் காரை நிறுத்தி பெடலை மிதித்தபடியே இருந்தால், பேட் இருந்த இடத்தில் மட்டும் தடித்த அச்சு விழும். பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் உதறும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பழகிப்போன வாய் சொல்லும். பல நேரங்களில் டிஸ்க் வளைந்திருக்காது, படலம் மேடுபள்ளமாகியிருக்கும்.

பெரிய பிரேக்கில் பணத்தைக் கொட்டுவது

இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும், ஆனாலும் சொல்ல வேண்டும். உங்கள் காரின் இப்போதைய பிரேக்கே ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்குச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்றால், பெரிய காலிப்பர் நிற்கும் தூரத்தைக் குறைக்காது. அந்தத் தூரத்தைத் தீர்மானிப்பது டயர். பெரிய டிஸ்க்கின் பயன் வெப்பத்தை அதிகம் ஏற்றுக்கொண்டு விரைவில் ஆற்றுவதில் இருக்கிறது. முன்பக்கம் மட்டும் பெரிய காலிப்பர் மாட்டினால் முன்-பின் சமநிலை குலையும், பெடல் பயணம் நீளும், அந்தக் காருக்காக அளந்து அமைத்த ஏபிஎஸ் கணக்கும் பிசகலாம்.

அது தேவையா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. டிஸ்க்கின் விளிம்பில் பூசும் வெப்ப வண்ணங்கள் கிடைக்கின்றன: பச்சை சுமார் 430 டிகிரியில் நிறம் மாறும், ஆரஞ்சு 560-இல், சிவப்பு 610-இல். உள்ளே வந்து நின்ற பிறகு வெப்பமானியால் அளப்பதைவிட இது நம்பகமானது, ஏனென்றால் நீங்கள் வந்து சேர்வதற்குள் டிஸ்க் வெகுவாக ஆறியிருக்கும். சிவப்பும் நிறம் மாறியிருந்தால் அப்போது டிஸ்க்கை ஆற்றக் காற்று கொண்டுவரும் குழாயைப் பற்றி யோசியுங்கள், அதற்குப் பிறகு பெரிய டிஸ்க்கைப் பற்றி. காற்றுக் குழாய் வைப்பவர்கள் அதை டிஸ்க்கின் ஒரு முகத்தில் ஊதும்படி வைத்துவிடுகிறார்கள். காற்று டிஸ்க்கின் நடுப்பகுதிக்குப் போக வேண்டும். அங்கிருந்து டிஸ்க்கின் இரு முகங்களுக்கு நடுவிலுள்ள உள்தகடுகள் அதை இழுத்து வெளியே வீசும்.

துளையிட்ட டிஸ்க் கண்ணுக்கு அழகு. தடத்தின் சூட்டில் ஒவ்வொரு துளையும் விரிசல் தொடங்கும் இடம். வெறும் முகமுள்ளதோ கோடு வெட்டியதோ போதும். வளைந்த உள்தகடுகள் கொண்ட டிஸ்க்கில் இடதும் வலதும் வேறு. நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும்போது தகடுகள் சுழலும் திசைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மேலே உள்ள கோடுகளைப் பார்த்துத் திசையை முடிவு செய்யாதீர்கள், உள்ளே எட்டிப் பாருங்கள்.

திரவம் போகும் ரப்பர் குழாய்க்குப் பதில் எஃகு பின்னல் ஹோஸ் போட்டால் பெடல் இன்னும் திடமாக இருக்கும். மாட்டிய பிறகு ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, ஹோஸ் இழுபடுகிறதா, முறுக்கியிருக்கிறதா, டயரில் உரசுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஓட்டும்போதும், ஓட்டி முடித்த பின்னும்

பயத்தில் வெகுதூரத்துக்கு முன்பே லேசாக மிதித்துக்கொண்டே வருவது பிரேக்குக்கு இரக்கம் காட்டுவதுபோல் தோன்றும். அதே வெப்பத்தைத்தான் டிஸ்க்கில் இறக்குகிறீர்கள். நேரமும் கூடுவதால் அது பேட்டுக்கும் காலிப்பருக்கும் ஊறிப் போகிறது, ஆறுவதற்கான இடைவெளியோ குறைகிறது. நேர்ப்பாதையில், உறுதியாக, குறுகிய நேரம் பிடித்து விட்டுவிடுங்கள். பின்பேட் மட்டும் எதிர்பாராத வேகத்தில் தேய்ந்தால் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலைச் சந்தேகியுங்கள். கார் நழுவும்போதெல்லாம் அது தானாகச் சக்கரங்களைத் தனித்தனியே பிடிக்கிறது. புதியவர்கள் அதை அணைக்க வேண்டாம்; பின்பேட்டை அடிக்கடி பார்த்தால் போதும்.

கடைசிச் சுற்றை மெதுவாக, கூடியவரை பிரேக்கைத் தொடாமல் ஓட்டுங்கள். பலர் முழுவேகத்தில் உள்ளே வந்து உடனே நிறுத்திவிடுகிறார்கள். ஓடும்வரை காற்று பட்டுக்கொண்டிருந்தது. நின்றதும் காற்று இல்லை, டிஸ்க்கின் சூடு முழுவதும் காலிப்பரை நோக்கித் திரும்புகிறது. தடத்தில் கொதிக்காத திரவம் நிறுத்திய இடத்தில் கொதிப்பது இப்படித்தான். ஹேண்ட் பிரேக்கையும் இழுக்காதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சூடான டிஸ்க்கில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக்கூடாது.

ஆறிய பிறகு சக்கர நட்டுகளை இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் சரிபார்த்து, சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். டிஸ்க்கின் முகத்தில் மயிரிழை வெடிப்புகள் இருந்தால் கண்காணிக்கலாம்; விளிம்பை எட்டிய விரிசலோ, ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு ஓடிய விரிசலோ இருந்தால் அந்த டிஸ்க்கோடு வீட்டுக்குக்கூட ஓட்டாதீர்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறை கருகியிருக்கிறதா, நழுவும் காலிப்பரின் ஊசிகள் தடையின்றி நகர்கின்றனவா, பேட் ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் நான்கு சக்கரங்களின் பேட் தடிமனையும் ஒரு சிறு நோட்டில் குறித்து வைக்கிறேன். இரண்டு மூன்று டிராக் டே கழிந்ததும், அடுத்த அமர்வில் எந்தச் சக்கரத்தில் எத்தனை மில்லிமீட்டர் போகும் என்பதை அந்த நோட்டே சொல்லத் தொடங்கிவிடுகிறது.